உப்பளத்துக் கட்டடமும் மூலக்குளத்துக் கடைக்காலும்

1. மொட்டை மாடிக் கூட்டம்

"நம்ம கலியமூர்த்தியே கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்புறம் உங்களுக்கு இன்னா தயக்கம்?"

முதலாளி தனபால் இப்படிச் சொன்னபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கலியமூர்த்தி நான்தான். எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் என் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

எழுபதுகளில் அவரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். என் பொறுப்பில் எழும்பிய முதல் பெரிய வேலை உப்பளத்தில் இருந்த அந்தக் கட்டடம்தான். கீழும் மேலுமாக எட்டு போர்ஷன், எல்லாம் வாடகைக்கு. முடிந்ததும் கீழ் போர்ஷன் ஒன்றை முதலாளி எனக்கே குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். கல்யாணமாகி சரோஜாவோடு நான் குடிவந்தது அந்த வீட்டுக்குத்தான்.

எண்பதுகளில் காற்று மாறியது. மெட்ராஸில் பிளாட் வாங்குகிறார்கள் என்று இங்கேயும் ஆட்கள் விசாரித்து வரத் தொடங்கினார்கள். எட்டு போர்ஷனையும் தனித்தனி பிளாட்டாக விற்று, அதை வைத்து மூலக்குளத்தில் பெரிதாக ஒன்று கட்டிவிடலாம் என்று முதலாளி திட்டம் போட்டார்.

பிளான் அப்ரூவல் கொடுக்கும் ஆபீசில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வாடகைக் கட்டடம் என்று அனுமதி வாங்கியதைப் பிரித்து விற்க வேண்டுமானால், குடியிருப்பவர் ஒவ்வொருவரும் சம்மதம் எழுதித் தரவேண்டும். வீட்டை வாங்கிக்கொள்ள முதல் உரிமையும் அவர்களுக்குத்தான். ஒருவர் மறுத்தாலும் மனு தள்ளுபடி.

"நம்ம ஜனங்கதான, சொன்னா கேப்பாங்க" என்றார் முதலாளி. சம்மதம் வருவதற்கு முன்பே மூலக்குளத்தில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டச் சொல்லிவிட்டார். முனியன் மேஸ்திரியின் ஆட்களை அங்கே இறக்கியவன் நான்தான். என் சம்மதத்தையாவது முதலில் என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்காமலேயே கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

பெண்கள் பக்கமிருந்து சரோஜா எழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு எதுலயும் கையெழுத்துப் போடலீங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இன்னா கலியமூர்த்தி, போடலயா?"

"இன்னும் போடலீங்க" என்றேன்.

அந்த 'இன்னும்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. 'போடவில்லை' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சரோஜா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

எதிர் போர்ஷன் லூர்தக்காதான் பேசினார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து இறந்தவர். அந்தப் பென்ஷனில்தான் அக்காவும் மகள் பிலோமினாவும் இருந்தார்கள்.

"பென்ஷன்ல வாடகை குடுக்கலாம் தம்பி, வூடு வாங்க முடியுமா? இத வித்துட்டா நான் எங்க போவேன்? நீயே சொல்லு."

முதலாளியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை.

2. மூலக்குளத்தில் நின்ற வேலை

மனு தள்ளுபடியானது. விற்றால் வரும் என்று நம்பியிருந்த பணம் வரவில்லை. கம்பி கட்டி நிறுத்திய தூண்களுக்குக் கான்கிரீட் போட சிமெண்ட் இல்லை. மழையில் கடைக்கால் பள்ளம் குளமாகிவிட்டது. வேலை நின்றதை ஆட்களிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சித்தாள் பெண்கள் தூக்குப் பாத்திரத்தோடு காலையிலேயே வந்துவிட்டிருந்தார்கள். பக்கத்து மில்லில் வேலை போய்க் கட்டட வேலைக்கு வந்தவர்கள் பாதிப்பேர். பெண்கள் சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள்.

முனியன் மட்டும் நின்றார். "சார், நீங்க மொதல்ல கையெழுத்துப் போட்டிருந்தா மத்தவங்களும் போட்டிருப்பாங்க இல்ல?"

"போட்டிருந்தா அவங்க எங்க போவாங்க முனியன்?"

"அது சரிதான் சார். இப்ப நாங்க எங்க போறது?"

மொட்டை மாடியில் லூர்தக்கா கேட்டதும் இதையேதான். அன்று மாலை நான் உப்பளத்து வீட்டுக்குத் திரும்பினேன். எனக்கு வீடும் இருந்தது, சம்பளமும் இருந்தது.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. பள்ளத்து ஓரம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இனிமே வாடகைக்குன்னு ஒரு செங்கல்கூட வெக்கமாட்டேன். கட்டறப்பவே விக்கிறதுக்குன்னு கட்டுவேன்."

3. கருவடிக்குப்பம்

சொன்னபடியே செய்தார். கொஞ்ச காலம் சின்னச் சின்ன வேலைகளாகப் பிடித்துக் கடனிலிருந்து கரையேறினார். பிறகு போட்ட பிளான் எல்லாமே ஆரம்பத்திலிருந்து விற்பனைக்கு என்றே போனது. ஊரில் மற்ற பில்டர்களும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். வாடகைக்குக் கட்டினால் பின்னால் பிரிக்க முடியாது என்ற பயம். குடியிருப்பவர்களைக் காக்கப் போட்ட விதி, உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே நின்றவர்களுக்கு வாடகை வீடு கட்ட ஆள் இல்லாமல் போனது. அந்த பிளான்களுக்கெல்லாம் அளவெடுத்துக் கொடுத்தவன் நான்.

எண்பதுகளின் கடைசியில் கருவடிக்குப்பத்தில் ஒரு பிளாட் கட்டடத்துக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சைக்கிளில் ஒரு புதுத் தம்பதி வந்து இறங்கினார்கள். பெண், லூர்தக்காவின் பிலோமினா.

"அண்ணே, இதுல ஒரு போர்ஷன் வாடகைக்குக் கெடைக்குமா? அம்மா வூட்டுல எடம் பத்தல. 'கலியமூர்த்தியப் போய்ப் பாரு, அது செய்யும்'னு அம்மாதான் அனுப்பிச்சாங்க."

"இதெல்லாம் விக்கிறதுக்கு மட்டும்தாம்மா."

"போற எடத்துலல்லாம் இதத்தான் சொல்றாங்க" என்றான் அவள் கணவன். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது வேலைக்கு வரும் இளம் என்ஜினியர்களுக்கு நான் சொல்வது இதுதான். அனுமதி கைக்கு வருமுன் மண்வெட்டி எடுக்காதீர்கள். அடுத்தவர் சம்மதத்தை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஒரு விதியைப் படிக்கும்போது அது யாரைக் காக்கிறது என்று பார்ப்பதோடு, யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் பாருங்கள். பிளான் போடுகிறவன் நினைத்தால் இரண்டு போர்ஷனாவது வாடகைக்கு ஒதுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது அன்று பிலோமினா என் எதிரில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பூசாத மாடிப்படியை அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வருத்தப்படாதீங்கண்ணே. நீங்க எங்களுக்காக மொதலாளிகிட்ட எவ்வளவோ கேட்டுப் பார்த்தீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."