எக்ஸ்ரேக்காரருக்குப் பிடித்த கறுப்பு

“மூச்ச இழுத்துப் புடிங்க,” என்கிறார் எக்ஸ்ரேக்காரர். சொல்வது டிவி கடையின் விற்பனைப் பெண்ணிடம். முப்பத்தைந்து வருஷம் மருத்துவமனையில் எலும்புகளைப் படம் பிடித்து ஓய்வு பெற்றவர். எதையும் உற்றுப் பார்க்குமுன் எதிரே நிற்பவர் மூச்சை அடக்கியாக வேண்டும்; அவர் “விடுங்க” என்றால்தான் விடலாம். அவளும் பழகிவிட்டாள். இது ஒன்பதாவது வருகை.

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகுகிறார். ஊரார் கிளியையும் அருவியையும் பார்த்து டிவி வாங்குவார்கள். இவருக்கு அதெல்லாம் கண்கட்டு வித்தை. அறுபத்தைந்து அங்குலத் திரை முழுக்க அவருடைய மச்சானின் நெஞ்சுக்கூடு விரிகிறது. சோபாவில் தவணை பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் நகர்கிறது.

“எலும்ப எந்த டிவியும் காட்டிடும்மா. நடுவுல இருக்கிற கறுப்பு கறுப்பா இருக்கணும். இதுல பாரு, சாம்பல் பூசின மாதிரி. எங்க மச்சான் ஊதின பொகையே போதும், உங்க டிவி வேற ஊதணுமா? லைட்ட அணை.”

அவள் விளக்கை அணைக்கிறாள். அடுத்த திரையில் அதே நெஞ்சுக்கூடு. கறுப்பு, மைக்கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது போல. எக்ஸ்ரேக்காரர் சொக்கிப் போகிறார். விலை இரண்டு மடங்கு.

“சார், உங்க வீட்ல டிவிக்கு எதிர்ல சுவரா, ஜன்னலா?”

“ஜன்னல். அது பாட்டுக்கு இருக்கும்.”

“அப்போ பாதி விலைல இருக்கிற அந்த முதல் டிவியே போதும் சார். வெளிச்சத்துல நல்லாத் தெரியும்.”

விலை குறைந்ததைச் சிபாரிசு செய்யும் கடைக்காரியை அவர் பார்த்ததே இல்லை. அதனாலேயே நம்பவில்லை. “ஏம்மா, ஸ்டாக் தேங்கிப் போச்சா?” என்கிறார்.

பழைய டிவி கண்ணை மூடி ஆறு வாரம். நாலு மணியானால் அவருடைய வீட்டம்மாள் கண்ணாடிக்கூட்டை எடுத்துக்கொண்டு, மாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போய்விடுகிறார். இருபத்திரண்டு படி. தேய்ந்த முழங்காலுக்கு ஆகாது; அந்த முழங்காலைப் படம் எடுத்தவரே இவர்தான். “நீங்க கறுப்பு பாத்து முடிங்க, நான் கலர்ல பாத்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டு ஏறுவார். இவர் கீழே தனியாக டீ குடிப்பார். கடைசியாகக் கெடுவும் வைத்தாயிற்று: “சனிக்கிழமைக்குள்ள டிவி வரலன்னா என் நாற்காலியும் மேல போயிடும்.”

சனிக்கிழமை டிவி வந்தது, இரண்டு மடங்கு விலைக்காரிதான். சரியாக நாலு மணிக்கு சீரியல் தொடங்கியது. திரையில், ஏதோ ஒரு இருட்டறையில், ஒரு மாமியார் முறைத்துக்கொண்டு நின்றாள்.

“மாமியா நெத்தியில யாரோட பனியன் காயுது?” என்றார் வீட்டம்மாள்.

எதிர் ஜன்னல், அதன் கம்பி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எல்லாம் திரைக்குள் குடியேறியிருந்தன.

“கறுப்பப் பாரேன், எவ்வளவு சுத்தம்.”

“பாக்கறேனே. என் மூஞ்சியே தெரியுது. தலை வாரிக்க வசதி.” கண்ணாடிக்கூட்டை இடுப்பில் செருகி, பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார்.

எக்ஸ்ரேக்காரர் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஏறி, அலமாரி உச்சியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். எக்ஸ்ரே அறையில் அணிந்த பழைய ஈய அங்கி. மருத்துவமனை கழித்துப் போட்டதை, ஓய்வு பெற்ற அன்று கேட்டு வாங்கி வந்தது. கதிரையே தடுத்தது, வெயில் எம்மாத்திரம். ஒரு ஆள் கனம் கனத்தது. முக்காலியோடு ஜன்னலுக்கு நகர்ந்து, அதன் இரண்டு தோள்களையும் கம்பியில் மாட்டினார். அறை கம்மென்று இருண்டது. மாமியாரின் நெற்றி சுத்தமானது.

அவர் முக்காலியை விட்டு இறங்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. நாற்காலியைச் சுமந்தபடி வாசலில் நிற்கும் மனைவியையே பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.

வீட்டம்மாள் நாற்காலியைக் கீழே வைத்தார். உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டார். விளம்பரம் வரும்வரை விட்டுவைத்து, திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார்.

“விடுங்க.”