கொட்டாமல் விட்ட நீர்

தம்பியின் முதலாம் ஆண்டு நினைவாக வெளிவரும் இந்த மலரில் எழுதுபவன் யார் என்பதை உறவினர் அனைவரும் அறிவர். அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையில் பொருளியல் முதுகலை படித்து, ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டம் எங்கள் தந்தையாருக்குப் பின் எனக்கே கட்டப்பட்டு வருகிறது. பங்காளிகள் வீட்டு நல்லது கெட்டதுகளில் எது முறை, எது முறையன்று என்பதை என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொன்ன பின் மறுபேச்சு இருந்ததில்லை. எங்கள் வீட்டிற்குள் கடல்நீர் வருவதற்கு முன் என் நிலை இதுவாக இருந்தது.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவர். திருச்சுழிக்குத் தெற்கே, பருத்தியும் குதிரைவாலியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருந்த வீட்டில் பிறந்தோம். எங்கள் கிணற்றில் ஊறியது உவர் நீர். குடிநீருக்கு அம்மா ஊருணிக்குப் போய் வருவார். வழியில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் அன்று முழுவதும் அவர் முகம் சரியாக இராது. அந்த வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். நீரைப் பற்றி எங்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

வணிகவியல் படித்த தம்பி, தூத்துக்குடியில் கப்பல் சரக்கு முகவர் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, உடல் இடம் கொடுத்த வரை அங்கேயே பணியாற்றினார். அங்கே மேலாளர் அறையில் கடல் மீன் தொட்டி ஒன்று இருந்தது. விடுமுறை நாட்களில் அதற்குத் தீனி போடும் பொறுப்பு இவருடையது. பொறுப்பாகத் தொடங்கியது விருப்பமாக மாறியதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

சிறுநீரகம் பழுதடைந்து, பணிக்காலம் முடியும் முன்பே தம்பி அருப்புக்கோட்டைக்குத் திரும்பினார். தந்தையார் கட்டிய வீடு நடுச்சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முற்றம் மட்டும் பொது. அவருடைய பாதிக்கு வந்த சாமான்களில் கட்டிலுக்கு முன்னால் கண்ணாடித் தொட்டி இறங்கியது. நோயாளிக்குப் பொழுது போகட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அவர் வளர்த்தவை உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி நிற மீன்கள். உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள், துடுப்புகளில் வெண்புள்ளிகள். கார்டினல் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பெண் மீன் முட்டையிட்டதும் ஆண் மீன் அவ்வளவையும் தன் வாயில் வாங்கிக்கொள்ளும். குஞ்சு பொரிந்து, அவை தாமாக நீந்தும் அளவு வளரும் வரையில் வாயை விட்டு இறக்காது. ஏறத்தாழ ஒரு மாதம் ஒன்றும் உண்ணாது. உணவில் உப்பையும் புளியையும் குறைத்துக்கொண்ட தம்பியையும் அந்த மீனையும் காட்டி, "ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்" என்று தம்பி மனைவி சொல்வதுண்டு.

ஊரார் கேட்காமல் இருப்பார்களா? எங்கள் மாமன் மகன் வந்து தொட்டியைச் சுற்றி வந்தார்.

"ஏன் மாப்ள, நம்ம போருத் தண்ணியே உப்புத்தான? அதைப் பிடிச்சு ஊத்துனா நீந்த மாட்டேங்குதா?"

"அது நம்ம ஊரு உப்பு மச்சான். மனுசனுக்குத்தான் பழகும். மீனு தாங்காது" என்றார் தம்பி.

"சரி, இதென்ன, விளக்கமாத்தைச் சாமி மாதிரிக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்க?"

அது உண்மை. இம்மீனின் குஞ்சுகள் கடலில் முள்ளம்பன்றி போன்ற ஓர் உயிரின் கறுப்பு முட்களுக்கிடையே ஒளிந்து வளர்பவை. அதற்கு மாற்றாகத் தம்பி, பிளாஸ்டிக் துடைப்பம் ஒன்றின் தலையை வெட்டி, சுத்தம் செய்து, இழைகள் மேல்நோக்கி நிற்கும்படி தொட்டியில் வைத்திருந்தார். என்னைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் தம்பியின் முன்கூடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். துடைப்பத்தின் மேல் துண்டு ஒன்றைப் போட்டு மூட முடியாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். தண்ணீருக்குள் இருப்பதை எப்படி மூடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

துடைப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய பேச்சாக எழுந்தது வேறொன்று. தம்பி சுத்திகரித்த குடிநீரைக் கேன் கேனாக வாங்கி, அதில் கடலுப்புத் தூளைக் கலந்து, உப்பின் அளவைக் கருவியில் பார்த்து, தொட்டியில் ஊற்றினார். கோடையில் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்க, எங்கள் வாசலில் கேன்கள் இறங்கும். "நல்ல தண்ணியில உப்பைக் கொட்டுறாக" என்று பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். நான் தம்பியை அழைத்து, நம் குடும்பத்தின் பெயரைக் கருத வேண்டும் என்றேன்.

"அண்ணே, எனக்குக் குடிக்கத் தண்ணி அளந்துதான் குடுக்குறாக. நான் குடிக்காத தண்ணியில வளக்குறேன்னு நெனச்சுக்கங்க" என்றார்.



இவ்வளர்ப்பில் தோல்வியே மிகுதி. ஆண் மீன் வாயில் முட்டையோடு இருக்கும்போது அதிர்ச்சி கூடாது. யாராவது கண்ணாடியைத் தட்டினாலோ, வலையை உள்ளே விட்டாலோ, எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும். ஒருமுறை கோயில் கொடையில் எனக்குப் பரிவட்டம் கட்டி மேளத்தோடு வீட்டிற்கு அழைத்து வந்தார்கள். வாசலில் வேட்டு வைத்தார்கள். அது மரபு. மறுநாள் காலையில் தம்பி தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். மீனின் தாடை ஒட்டிப்போயிருந்தது. "என்னப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, பசி போல" என்றார். அவர் எதையும் எவர் மேலும் சுமத்தியதில்லை. இது அவருடைய குணங்களில் முதன்மையானது.

பிற்பாடு அவருக்குக் கை படிந்தது. குஞ்சுகள் வெளிவந்தால், உப்பு நீர் நிரப்பிய போத்தலில் காற்றைச் செலுத்திக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிற்றிறால்களைப் பொரிக்க வைத்து ஊட்டுவார். இரத்தச் சுத்திகரிப்புக்காக மதுரைக்குப் போய் வரும் நாட்களில் அவ்வேலையைத் தம்பி மனைவி செய்தார். திரும்பி வரும் காரில் தம்பி கண்ணைத் திறக்க முடியாமல் சாய்ந்திருப்பார். பக்கத்தில் நான் இருப்பேன். எத்தனை முறை அப்படிப் போய் வந்தோம் என்று எண்ண எனக்கு இப்போது தெம்பில்லை.

இவ்விடத்தில் வேறொரு வீட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டியுள்ளது. சாவு நிகழ்ந்த வீட்டில் நீர் இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உடல் வாசலைத் தாண்டியதும் குடம், அண்டா, தொட்டி என்று உள்ளதையெல்லாம் கவிழ்த்து வீட்டைக் கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கடும் வறட்சியில், எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அன்றுதான் டிராக்டரில் நீர் வாங்கி மாடித் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். அதையும் கொட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். கொட்ட வேண்டும் என்றேன். கொட்டினார்கள். அன்று நான் சொன்னது முறை. இன்றும் அதை முறையன்று என்று சொல்லப்போவதில்லை.

சென்ற ஆண்டு தம்பி தம் கட்டிலிலேயே, காலைக் காப்பி ஆறுவதற்குள் காலமானார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் முன்புதான் ஆண் மீன் ஒன்று புதிதாக வாய் நிறைய வாங்கியிருந்தது. கட்டிலைத் தொட்டி தெரியும்படி திருப்பிப் போடச் சொல்லி, படுத்தபடியே அதன் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மட்டத்துக் குஞ்சுகளைக் கரை சேத்துருவேன்" என்று தம் மனைவியிடம் சொன்னாராம்.

பிற்பகலில் உடல் புறப்பட்டது. தம்பி மகன் பெங்களூரிலிருந்து வந்து கொள்ளி வைத்தார். வேட்டு, தெருமுனை தாண்டிய பிறகே வைக்கப்பட்டது. வீட்டில் பெண்கள் குடங்களையும் அண்டாக்களையும் கவிழ்த்தார்கள். அவர் குடிக்காமல் வைத்திருந்த கேன் நீரும் வாசலில் ஓடியது. முன்கூடத்துக் கண்ணாடித் தொட்டி மட்டும் கொட்டப்படவில்லை. அதைச் சுற்றித் தரை கழுவப்பட்டது. காரியம் நடப்பதற்குள் அந்த மீன் குஞ்சுகளை இறக்கியது. துடைப்ப இழைகளுக்கிடையே அவை நின்றன. இழவு வீட்டுக்காரி என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்க வேண்டிய தம்பி மனைவி, எழுந்து போய் அவற்றிற்குத் தீனி ஊற்றிவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்துகொள்வார். அக்குஞ்சுகள் பெரிதாகி, அவற்றிலும் இப்போது ஜோடி சேர்ந்திருக்கிறது என்று அறிகிறேன்.

இது ஊருக்குத் தெரிய வெகு நேரம் ஆகவில்லை. "எங்க மாடித் தொட்டின்னா தீட்டு, அவுக கண்ணாடித் தொட்டின்னா தீர்த்தமா?" என்று எம்.ரெட்டியபட்டிப் பங்காளி தேநீர்க் கடையில் கேட்டதாகச் சொன்னார்கள். அவர் கேட்டது நியாயம். அதற்கு மறுமொழியாக என் மேல் மதிப்புள்ளவர்கள், "பெரியவருக்குத் தெரிஞ்சா விட்ருப்பாரா? அவுக சுடுகாட்டுக்குப் போனப்புறம் அந்தப் பொம்பளைதான் மறைச்சு வச்சிருச்சு" என்று பரப்பினார்கள். இந்த ஓராண்டில் பங்காளிகள் வீட்டு விசேஷங்களுக்கு என் பெயருக்குப் பத்திரிகை வந்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. தம்பி மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தம்பியோடு வாழ்ந்தவர் அல்லவா.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மதுரைக்கு எந்நேரமும் கார் எடுத்து வந்த பந்தல்குடி ஓட்டுநர், தூத்துக்குடியிலிருந்து கடலுப்பை பஸ்ஸில் ஏற்றிவிட்ட தம்பியின் பழைய அலுவலக நண்பர்கள், பரளச்சியிலிருந்து தள்ளாத வயதிலும் வந்து காரியம் முடியும் வரை உடனிருந்த எங்கள் அத்தை, கேலி பேசினாலும் பாடைக்குத் தோள் கொடுத்த மாமன் மகன் ஆகியோருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி, ஊரில் சொல்லப்படுவதில் ஒரு திருத்தம். அத்தை என் பெயரைக் காக்க எண்ணி இதுவரை வாய் திறக்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

பாடையைத் தூக்குவதற்கு முன் கூடத்தில் நானும் அத்தையும் தம்பி மனைவியும் மட்டும் இருந்தோம். கண்ணாடித் தொட்டி நீரையும் ஊற்றிவிட வேண்டும் என்றார் அத்தை. தம்பி மனைவி தலை நிமிர்ந்து, "பெரியத்தான், ஆம்பளை மீனு வாயில வச்சிருக்கு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

"அது இருக்கட்டும். மத்ததைக் கொட்டுங்க. வேட்டைத் தெருமுனைக்கு அங்கிட்டு வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ஏப்பா, நீயா சொல்ற?" என்று அத்தை கேட்டார்.

"நான்தான் சொல்றேன்."

எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. தம்பி மனைவி எதையும் மறைக்கவில்லை. அந்த நீர் என் சொற்படிதான் அவ்வீட்டில் இருந்தது.