சக்கரத்துக்கு ஒரு தேசிக்காய்

சிறிதரன் வாளியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். குவேக்கர்ஸ் ஹில் வீட்டுப் பின்வளவு எலுமிச்சை மரத்தை மொட்டையடித்து, வாளி நிறையத் தேசிக்காய் பறித்து வைத்திருந்தாள் வேதவல்லி.

"ஒண்டு காணாதே?"

"ஒரு சில்லுக்கு மட்டும் வைச்சால் மற்றச் சில்லுகள் என்ன பாவம் செய்தது? இஞ்சாருங்கோ, முதல் ஓட்டம். விளையாடாதேங்கோ."

முதல் ஓட்டம்தான். பாரவண்டிகளுக்கு முன்னால் மஞ்சள் விளக்குக் காரில் வழிகாட்டியே காலம் கழித்த மனிதரை, முதலாளி கெவின் இன்றைக்குத்தான் பெரிய ட்ரக்கில் ஏற்றுகிறார். பின்னால் நீண்ட இழுவை மேடையில் வீட்டளவு மின்மாற்றி, கீழே வரிசை வரிசையாகச் சக்கரங்கள். சொதப்பினால் பழையபடி கார்தான்.

வேதவல்லியின் சொல்லைத் தட்டிவிட்டு அந்த வீட்டில் யார் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பது? மற்றவர்கள் வருமுன் வாளியோடு கம்பனி யார்டுக்குப் போய், தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் ஒன்றை வைத்தார்.

ட்ரக் மெல்ல வாசல்வரை உருண்டது. யார்டெல்லாம் தேசிக்காய் மணம். கெவின் தரையைப் பார்த்தார். கூட்டித் துப்புரவாக்காமல் வண்டி வெளியே போகாது என்றார். வாசலில் வழித்துணைக்கு வந்த பொலிஸ் கார் வேறு காத்து நின்றது. மானம் கப்பலேறிவிட்டது!

மனைவியை மனதுக்குள் திட்டியபடி கூட்டினார் சிறிதரன். எல்லாம் சக்கை. கடைசி வரிசை நின்ற இடத்தில், உள்பக்கம், ஒன்று மட்டும் நசுங்காமல் கிடந்தது.

அவருக்குத் திக்கென்றது. ட்ரக்கடிக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். அந்தச் சக்கரம் தரையைத் தொடவேயில்லை. அதைக் கீழே அழுத்துகிற எண்ணெய்க் குழாயில், போன பழுதுபார்ப்பில் அடைத்த வால்வை யாரோ திறக்க மறந்திருக்கிறார்கள். காலையில் அதைப் பார்த்திருக்க வேண்டியவர் அவர்தான். தேசிக்காய் வைக்கிற அவசரத்தில் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

சொன்னால் இன்றைய ஓட்டம் போச்சு. சொல்லாவிட்டால், அந்தச் சக்கரத்தின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிற பக்கத்து டயர் ஏதாவது இறக்கத்தில் வெடிக்கலாம். நேரே கெவினிடம் போய், தன் பிழையையும் சேர்த்தே சொன்னார்.

வால்வைத் திறந்து சரிபார்ப்பதற்குள் பெரிய பாரம் வீதியில் போக அனுமதித்த நேரம் முடிந்துவிட்டது. பொலிஸ் கார் போய்விட்டது. சிறிதரன் ட்ரக் சாவியை நீட்டினார். கெவின் அதை வாங்கவில்லை.

"நாளைக்கும் நீயே ஓட்டு. அந்த வாளி நிறையத் தேசிக்காயும் கொண்டு வா."

சிறிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஐயோ," என்றாள் வேதவல்லி, "மரத்தில இனி ஒண்டும் இல்லையே!"