முள்ளை நம்பாத குச்சி வாத்தியார்

பிளையிங் கிளப்பில் என் வீட்டுக்காரருக்குக் குச்சி வாத்தியார் என்று பெயர். ஆள் ஒல்லி என்பதால் அல்ல. அந்தக் கொடுப்பினை அவருக்கு இல்லை. விமானத்தின் இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கில் கோடு போட்ட ஒரு மரக்குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்காமல் அவர் யாரையும் மேலே கூட்டிக்கொண்டு போனதில்லை. உள்ளே மீட்டர் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கிழட்டு விமானங்களின் மீட்டர் முள்ளை நம்புவதும் குடிகாரன் பேச்சை நம்புவதும் ஒன்றுதான். நிறைந்த டேங்கைக் காலி என்னும், காலியானதைப் பாதி என்னும். சரிசெய்யச் சொல்லி ஆரம்பத்தில் இவரும் நடையாய் நடந்தார். கிளப் தலைவர் தோளில் தட்டி, "உங்க கையில குச்சி இருக்கறப்ப முள்ளு எதுக்கு சார்?" என்று அனுப்பிவிடுவார்.

இவரும் அந்த ஐஸில் குளிர்ந்துபோனார். அங்கேதான் சனி பிடித்தது. நாளடைவில் மீட்டர் கெட்டுக் கிடப்பதே தன் பெருமை என்று ஆகிவிட்டது. "முள்ளை நம்பினவன் மண்ணுல, குச்சியை நம்பினவன் விண்ணுல" என்று மாணவர்களிடம் பஞ்ச் அடிப்பார். ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு டேங்க். இன்ஜின் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் குடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கைப்பிடியைத் திருப்பி இடது, வலது என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதற்கும் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார், முள் பக்கம் கண் போகாது.

வீட்டிலும் இதே கூத்துதான். ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொன்னால், நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எந்திரி" என்பார். நானே வாய்விட்டு முடியவில்லை என்றாலும் அதே புறங்கைதான். என் உடம்பைப் பற்றி என்னைவிட அவர் கைக்குத்தான் அதிகம் தெரியுமாம்.

மகளும் அப்பாவைப் போலப் பறக்க வேண்டும் என்றாள். வேறு கிளப்பில் சேர்த்துவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! அவரே சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு சட்டம்: விமானத்தில் ஏறிவிட்டால் அப்பா கிடையாது, சார்.

இதற்கிடையில் கிளப்புக்கு ஒரு புது மெக்கானிக் வந்தார். வந்த கையோடு ஒரு விமானத்தின் இடது டேங்க் மீட்டரைக் கழற்றிப் புதிது மாட்டினார். "சார், இனிமே கரெக்டா காட்டும்" என்று இவரிடம் நேரில் வந்தும் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர், "நாய் வாலை நிமித்திட்டேங்கறீங்க!" என்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அன்று சாப்பிடும்போது எங்களுக்கும் நடித்துக் காட்டினார்.

பிறகு நடந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து மகள்தான் சொன்னாள். புது மீட்டர் மாட்டிய அதே விமானத்தில்தான் அன்று போனார்கள். குச்சி விட்டுப் பார்த்தபோது இரண்டு டேங்கிலும் வேண்டிய அளவு இருந்தது. ஆனால் இடது டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்து போயிருந்திருக்கிறது. மேலே போனதும் காற்று அந்த இடுக்கு வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொட்டியிருக்கிறது. கிளம்பும்போது என்ன இருந்தது என்றுதான் குச்சிக்குத் தெரியும். இப்போது என்ன இருக்கிறது என்பதை முள் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "சார், லெஃப்ட் வேகமா இறங்குது" என்றாளாம். இவர் மீட்டர் கண்ணாடியை விரலால் சுண்டிவிட்டு, "அது அப்படித்தான்" என்றாராம். கொஞ்ச நேரத்தில் பயந்துபோய், "அப்பா, ரைட்டுக்கு மாத்திடலாம்ப்பா" என்றிருக்கிறாள். "இங்க சார். அரை மணி ஆகட்டும்" என்றாராம்.

தரையிறங்கப் பழகுவதற்காகத் தாழ்வாக வந்த நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. இவர் அவசரமாக வலது டேங்குக்குத் திருப்பினார். அதில் பெட்ரோல் தாராளமாக இருந்தது. அது இன்ஜினுக்கு வந்து சேரும்வரை காத்திருக்கத்தான் உயரம் போதவில்லை. ஒரு வயலில் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்பு, அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு.

விசாரணை வைத்தார்கள். மீட்டரைப் புதிதாக மாற்றியாகிவிட்டதே என்ற தெம்பில் கிளப் தலைவர் வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை காலம் கெட்டுக் கிடந்ததை அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ்தான் உயிர். பறப்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. "உள்ளதைச் சொல்லுங்க, கொஞ்ச மாசம் நிறுத்தி வைப்பாங்க, திரும்ப வந்துடலாம்" என்று கூட வேலை பார்த்தவர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மகள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வெளியே காத்திருந்தாள். நான் கதவோரம் கடைசி பெஞ்சில் இருந்தேன். அதிகாரி இவரிடம் கேட்டார்: "முள் இறங்குதுன்னு ஸ்டூடண்ட் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லை" என்றார் என் வீட்டுக்காரர்.

எழுந்து வெளியே போய் அவள் காதில் போட்டிருக்கலாம். கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா என்ன சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. "ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள்.

கவனக்குறைவுக்கு என்றால் சில மாதத்தில் தீர்ந்திருக்கும். பொய் சொன்னதற்கு லைசென்ஸையே ரத்து செய்தார்கள். அந்த உத்தரவு பிறகுதான் வந்தது. எங்கள் குடும்பத்துக்கான தீர்ப்பு அன்றைக்குத் திரும்பி வரும் வழியிலேயே வந்துவிட்டது.

நான்தான் காரை ஓட்டினேன். அவர் பக்கத்தில், மகள் பின்னால்.

"நீ உள்ளதானே இருந்த? வெளிய போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?" என்றார் என்னிடம்.

"ஏம்ப்பா இல்லைன்னு சொன்னீங்க?" என்று மகள் கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. பதிலையும் என்னிடமே சொன்னார். "நேத்து கத்துக்க வந்தவ சரியா பார்த்துச் சொன்னா, வாத்தியார் கேக்கலன்னு நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"அம்மா, வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். நல்ல கையால் கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற?" என்றார். காலையிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சொன்னா நம்பவா போறீங்க?" என்றுவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"கோவம் தணிஞ்சா தானா வருவா. எனக்குத் தெரியும், நீ வண்டியை எடு" என்றார்.

நான் இன்ஜினை அணைத்து, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, இறங்கி அவள் பின்னால் போனேன்.