மேலே போகும் லொறி, கீழே இறங்கும் வேன்

தலவாக்கலையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஓரத்தில் சின்ன மாதா சொரூபம் இருப்பதால் மாதா வளைவு என்பார்கள். விடிகிற நேரத்தில் அங்கே நடக்கும் கூத்தைப் பார்த்தால் மலைநாட்டு நிலைமை முழுதும் விளங்கிவிடும். மேலேயிருந்து ஒரு வேன் இறங்கும். அதில் இந்தத் தோட்டத்துப் பெண்கள், நுவரெலியாப் பக்கம் யாரோ ஒருவரின் கரட் தோட்டத்துக்குப் போகிறவர்கள். கீழேயிருந்து ஒரு லொறி ஏறும். அதில் வேறு தோட்டத்துப் பெண்கள், இந்தத் தோட்டத்துக் கொழுந்தைப் பறிக்க வருகிறவர்கள். இவர்கள் அங்கே போகவும் அவர்கள் இங்கே வரவும் ஏற்பாடு செய்த மகராசன் யாரென்று தெரிந்தால் ஒரு மாலை போடலாம்.

பாதை ஒடுக்கம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. வேன் ஓட்டும் இக்ராம் வளைவில் ஓரங்கட்டுவான். லொறி உரசுகிற மாதிரி ஊர்ந்து போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கைகள் நீளும். வெற்றிலை, ரொட்டி, ஊர்வம்பு எல்லாம் கைமாறும். வேனின் யன்னலோரத்தில் றோசலின் இருப்பாள். லொறியின் பின்தட்டில் அவளுடைய அக்கா ஷிராணி நிற்பாள்.

ஷிராணி வாக்கப்பட்டுப் போன தோட்டத்தில் பாதி மலை காடாகிவிட்டது. அதனால்தான் இந்த லொறிப் பயணம். புருஷன் செத்த பிறகு அவன் தம்பி வீட்டில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். றோசலினோ பிறந்த லயத்திலேயே, அந்த வரிசை வீடுகளில் அப்பா அம்மா இருந்த அதே வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் லியனார்ட் கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல்காரன். மாதம் ஒருமுறை வருவான், ரயிலில் வந்த அலுப்புத் தீருமுன் திரும்பிவிடுவான். கொழுந்தின் எடை குறைந்தால் அரைநாள் கூலி என்று எழுதுகிற தோட்டத்தை விட்டுவிட்டு, அந்திக்கே கூலி கைக்கு வருகிற கரட்டுக்கு றோசலின் போனதில் என்ன குற்றம்?

குற்றம் கண்டுபிடித்தவர் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையா. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்து சொன்னார்.

"வீட்டுக்கு ஒரு ஆளாவது பேர் பதிஞ்சு காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வரணும். இல்லாட்டி வேலைக்கு வர்ற வெளியாளுக்கு வீட்டைக் குடுத்துருவோம். யாரு பேரு பதியுதோ அவங்களுக்குத்தான் வீடு."

றோசலின் கரட்டை விட்டால் அடுப்பு எரியாது. விடாவிட்டால் வீடு போய்விடும். அக்காவைக் கூட்டி வந்து அவள் பேரைப் பதிந்தால் இரண்டும் தப்பும். ஆனால் கண்டாக்கையா கடைசியாகச் சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பேர் அக்காவுடையது என்றால் வீடும் அக்காவுடையதுதானே. கூடப்பிறந்தவள்மேல் இப்படி ஒரு சந்தேகமா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்தாலும் பயம் போகவில்லை.

ஆனாலும் ஒரு காலை வளைவில் கேட்டேவிட்டாள். "அக்கா, நீ நம்ம வீட்டுக்கே வந்துரு. ஒம் பேரைப் பதிஞ்சுக்குவோம்."

பதில் வருவதற்குள் லொறி நகர்ந்துவிட்டது. மறுநாள் ஷிராணி ரொட்டியை வாங்கிக்கொண்டு ஊர்வம்பு மட்டும் பேசினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு ஒரு காலை, லொறியிலிருந்து ஒரு கறிச்சட்டி யன்னல் வழியாக நீண்டது.

"இந்தா, வச்சுக்க" என்றாள் ஷிராணி. அவள் பதில் அவ்வளவுதான்.

அடுத்து தலையணை வந்தது. பிறகு போர்வை, அரிக்கேன் லாம்பு. எல்லாம் வேனில் ஏறி நுவரெலியா போய், கரட் பாத்தி ஓரத்தில் பனியில் கிடந்து, அந்தியில் றோசலினோடு வீடு வந்து சேர்ந்தன. இக்ராமுக்குத்தான் முதலில் உறைத்தது.

"றோசலினக்கா, லொறி ஒங்க லயத்துப் பக்கந்தானே போகுது? மேல போற சாமானை வாங்கி நுவரெலியாவுக்கு ஊர்சுத்திக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டு வாறீங்களே, இது என்ன வேலை?"

வேனே சிரித்தது. றோசலினும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங் கையில குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லி அம்மிக்குழவியைத் தூக்கி நீட்டினாள். அன்று குழவியும் நுவரெலியா பார்த்தது.

பேர் பதிந்தாயிற்று. ஞாயிறு பூசை முடிந்து ஷிராணி ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை றோசலின் இருட்டோடு வேனுக்குக் கிளம்பினாள். பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் வீட்டைப் பூட்ட வேண்டியவள் ஷிராணி. இருந்த ஒரே சாவியை றோசலின் அவள் கையில் கொடுத்தாள். அன்று முழுக்கக் கரட் பிடுங்கிய கைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை. இனி அந்தக் கதவை அக்கா திறந்துவிட்டால்தான் நமக்கு உள்ளே இடம் என்று நினைத்து நினைத்து மறுகினாள்.

அந்தியில் முறை மாறும். லொறி இறங்கும், வேன் ஏறும். மாதா வளைவில் லொறி ஒதுங்கி நின்றது. அக்காவின் கூட்டாளி சண்முகவடிவு பின்தட்டிலிருந்து குனிந்து எதையோ நீட்டினாள். வீட்டுச் சாவி.

"ஒங்கக்கா ஒங்கிட்ட குடுக்கச் சொன்னா."

கோபித்துக்கொண்டு போய்விட்டாளா? றோசலின் லொறியில் தேடினாள், அக்கா இல்லை. வேன் நின்றதும் நிற்காததுமாக லயத்துக்கு ஓடினாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தாள் ஷிராணி. தலையில் சாக்கு, உடம்பெல்லாம் மழை ஈரம், குளிரில் பல் கிட்டியது.

"சாவி ஒங்கிட்டதானே இருந்துச்சு? தெறந்து உள்ள போயிருக்க வேண்டியதுதானே அக்கா?"

"பேருதான் என்னோடது. வீடு ஒன்னோடது. நீ வந்து தெறக்கட்டும்னு குடுத்தனுப்பினேன்."

"பைத்தியமா ஒனக்கு? காய்ச்சல்ல விழுந்தா நாளைக்குப் பெரட்டுக்கு யாரு போறது?"

திட்டிக்கொண்டே பூட்டைப் பிடித்தாள். கண் நிறைந்து துவாரம் தெரியவில்லை. சாவியை அக்காவிடமே நீட்டினாள்.

மறுநாள் அந்தியில் தலவாக்கலையில் வேனை நிறுத்தச் சொல்லி இன்னொரு சாவி வெட்டி வந்தாள்.