ஈத்தைக்காட்டில் பத்து எட்டு

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மழைக்காட்டு விடுதியொன்றில் நானும் மகளும் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. காதுக்கருவி இல்லாமல் எதுவும் கேட்காது. காலை நடைக்குக் கிளம்பியதுமே தூறல் பிடித்ததால் கருவியைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டாள். அப்போதிருந்தே எனக்கு மனம் சரியில்லை.

மரத்தில் ஒட்டியிருந்த தவளையைப் பார்க்க அவள் பத்து எட்டு முன்னே போனபோது, விடுதி வழிகாட்டி என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

“அக்கா, சத்தங்காட்டாதீங்க. அங்கன ஈத்தைக்குள்ள யானை நிக்கு. குட்டியும் இருக்கு.”

“அவளுக்குக் காது கேக்காதுண்ணே.”

அவர் முகம் மாறியது. “நான் பைய போயி தொட்டுக் கூட்டிட்டு வாரேன்.”

“தெரியாத கை பட்டா அலறிருவா. நானே போறேன்.”

மூங்கில் போன்ற அந்த ஈத்தை முறியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எட்டிலும் பயந்தேன். வீட்டில் செய்வதுபோல முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கைகோத்தபடி பின்வாங்கினோம்.

விடுதியில் கருவியை மாட்டிக்கொண்டு, நடந்ததையெல்லாம் கேட்டாள்.

“குட்டியப் பாத்தியாம்மா?”

“இல்லட்டி. உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”