ரப்பர் பால் ஊற்றிய நாயனத் தட்டு

சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த சமயம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒண்டிக்கட்டைகளைத்தான் முதலில் லாரியில் ஏற்றினான். நானும் ஒண்டிக்கட்டை. பெண் பேசி முடித்தாயிற்று. வருகிற முகூர்த்தத்தில் தாலி கட்டிவிட்டால் தப்பித்தேன். பெண்ணின் தாய்மாமன் குறுக்கே நின்றார்.

“மேளம் இல்லாம எங்க அக்கா மக கழுத்துல தாலி ஏறாது. கட்டுற நேரத்துல எவனாச்சும் தும்மித் தொலைச்சா? அது காதுல விழாம இருக்கத்தான்யா கெட்டிமேளம்!”

மேளக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே லாரியேறிச் சயாமுக்குப் போய்விட்டார்கள்.

“சண்ட முடிஞ்சு அவனுங்க வரட்டும் மாப்ள. பொண்ணு எங்கயும் ஓடிடாது.”

“பொண்ணு ஓடாது மாமா. லாரி ஓடுமே!”

நான் விடுகிற ஆளா? பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியவன்தான். இன்றைக்கு ரஹாங் கடைத்தெருவில் என் கடையைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அது சும்மா வந்ததா? தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா வீட்டில் கைப்பிடி சுற்றும் கிராமபோன் பெட்டி இருந்தது, நாயனத் தட்டு ஒன்றும் இருந்தது. போய் நின்றேன்.

“கொண்டுபோம் தம்பி. தட்டு உடைஞ்சுதெண்டால் உம்மை நானே லொறியில ஏத்திவிடுவன்” என்றார்.

ஊசி கிடைக்காத காலம். பெண் வீட்டில் வைத்து, எலுமிச்சை முள்ளைச் செருகிப் பெட்டியை ஓடவிட்டேன். நாயனம் எங்கோ பக்கத்து ஊர் மம்பாவில் ஊதுவது போல் கேட்டது. பக்கத்தில் கேட்டதெல்லாம் கரகர, கரகர.

“என்னா மாப்ள, நாயனக்காரனுக்குக் காசநோயா? இந்த இருமலுக்குத் தும்மலே தேவல லா!” என்றார் மாமா.

சத்தம் போடுகிற எதற்கும் எண்ணெய் விடுவதுதான் எங்கள் லயத்து வீடுகளில் வைத்தியம், கதவானாலும் வண்டிச் சக்கரமானாலும். தட்டுக்கும் செம்பனை எண்ணெயைத் தடவினேன். அடுப்புச் சாம்பலெல்லாம் வந்து அதில் அப்பிக்கொண்டது. கரகரப்பு சடசடப்பாகிவிட்டது.

“இப்ப அப்பளம் பொரிக்கிறான்!” மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. “அழுக்கு மேல எண்ணெயத் தடவுனா அழுக்குப் போவுமா? ஒரு தடவ கழுவிக்கிட்டாச்சும் தடவியிருக்கலாம்ல, அந்த மூஞ்சியையும் சேத்து!”

மூஞ்சியைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது! பால் வெட்டுகிறவன் விரலில் ரப்பர் பால் காய்ந்துவிட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தால் ரேகைக்குள் கிடக்கும் அழுக்கும் அதோடு வந்துவிடும். கைரேகைக்கு ஆவது தட்டின் கோட்டுக்கு ஆகாதா?

சண்டையில் பால் வெட்டு நின்றுபோயிருந்தாலும் மரம் நின்றுபோகவில்லையே. லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தைக் கீறிப் பால் பிடித்தேன். எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நடுவிலிருந்த காகிதத்தில் படாமல் தட்டில் ஊற்றி விரலால் மெல்லிசாகப் பரப்பினேன். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும் என்று நிழலில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கிராணி ஐயா வந்து நின்றார்.

“ஐயோ, என்ர தட்டு! என்ன கோதாரி செய்துபோட்டீர்?”

“தொடாதீங்க ஐயா, காயட்டும்!”

காய்ந்ததும் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தேன். கிராணி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். கிழியவில்லை! பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது, கறுத்த அழுக்கோடு, கோடு கோடாக. கழுவினது போல் தட்டு மின்னியது. முள்ளை வைத்தேன். நாயனம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து ஊதியது!

மாமா உரித்த ரப்பரைக் காதில் வைத்துப் பார்த்தார். “இதுலயும் பாட்டு வருமா மாப்ள?” என்றார். வாய் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

முகூர்த்தத்தில் நான் தாலியை எடுத்த நேரம் பெட்டியின் விசை தளர்ந்து நாயனம் இழுக்க ஆரம்பித்தது. மாமாவே பாய்ந்து கைப்பிடியைச் சுற்றினார். தவில் கொட்டியது. முதல் முடிச்சுப் போட்டு நிமிர்ந்தேன். எதிரே கிராணி ஐயா மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, பெரிய தும்மலாகத் தும்மினார்.

பார்த்தேன். கேட்கவில்லை. மிச்ச முடிச்சுகளையும் போட்டேன்.

அடுத்த லாரி வந்தபோது அவள் என் பக்கத்தில் நின்றாள். ஆள் எடுக்க வந்த மண்டோர் அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் போய்விட்டார்.